லாக்ஹார்ட்டில் ஒரு மதியம்: எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம்?

மாம்பலம்_முரளி:

வணக்கம். டாலஸிலிருந்து எழுதுகிறேன். தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் ஆஸ்டினில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ஒரு நாள் லாக்ஹார்ட் போய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று யோசனை. டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று சட்டமன்றமே தீர்மானம் போட்ட ஊர். ஊரோ சின்னது, பேர் வாங்கிய கடைகளோ நான்கைந்து. கூகுளில் பார்த்தால் எல்லாக் கடையையும் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை.

நானும் மச்சானும் எல்லாம் சாப்பிடுவோம். மனைவி மாடு தொடமாட்டாள். பன்றி, கோழி சரி. அம்மா சுத்த சைவம், ஆனால் கூட வந்து உட்காருவதில் அவருக்குப் பிரச்சினை இல்லை. இரண்டு வாண்டுகள். கிரைட்ஸா, ஸ்மிட்டிஸா, பிளாக்ஸா? ஒரே கடை சொல்லுங்கள்.

டெக்சாஸ்_தம்பி:

பிளாக்ஸ். மாட்டு விலா. வேறு பேச்சே இல்லை.

கரிப்புகை:

தம்பி அவசரப்படுகிறார். முரளி, ஒரே கடை என்று முடிவு கட்டிவிட்டுப் போனால் அந்த ஊரில் பாதி சாப்பாடு போய்விடும். அங்கே கறியை எடை போட்டு விற்கிறார்கள். கால் பவுண்டு கேட்டாலும் முகம் சுளிக்காமல் வெட்டித் தருவார்கள். மூன்று கடைகளும் நீதிமன்றச் சதுக்கத்தைச் சுற்றித்தான், காரில் ஐந்து நிமிடத்துக்குள். அதனால் இரண்டு கடையாவது ஏறி இறங்குங்கள், ஒவ்வொன்றிலும் அதற்கென்று உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

முதலில் கடைகளின் கதை. அது தெரிந்தால் எதை எங்கே வாங்குவது என்பது பாதி புரிந்துவிடும். 1900ல் சார்லஸ் கிரைட்ஸ் தொடங்கியது இறைச்சிக் கடையும் மளிகையும் சேர்ந்த ஒன்று. டெக்சாஸின் இந்தப் பகுதியில் குடியேறிய ஜெர்மன், செக் கசாப்புக்காரர்களின் வழக்கம் அது: அன்று விற்காத கறியைப் புகையில் வாட்டுவது, துண்டு துணுக்கை அரைத்து சாசேஜ் போடுவது. பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதைக் கசாப்புத் தாளிலேயே வாங்கி, மளிகைப் பக்கத்தில் இருந்த பிஸ்கட், வெங்காயம், ஊறுகாய் வெள்ளரியோடு கையால் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் தட்டு கிடையாது, பழுப்புத் தாள்தான். சால்டீன் பிஸ்கட்டும் ரொட்டியும் கூட வரும். இது பழமைக்காகப் போட்ட வேஷம் இல்லை, கடை மளிகையாக இருந்த நாளின் மிச்சம்.

1948ல் அங்கே வேலை பார்த்த எட்கர் ஷ்மிட் கடையை வாங்கினார். ஊரில் அவரை ஸ்மிட்டி என்பார்கள். 1984ல் மகன்கள் ரிக், டான் இருவரும் அவரிடமிருந்து வியாபாரத்தை வாங்கிக்கொண்டார்கள். 1990ல் ஸ்மிட்டி இறந்தபோது கட்டடம் மகள் நீனாவுக்குப் போனது. அடுப்பு சகோதரர்களுடையது, அடுப்பு இருக்கும் சுவர் சகோதரியுடையது. வாடகைப் பேச்சு முறிந்தது. 1999 செப்டம்பர் 1ஆம் தேதி பழைய அடுப்பின் நெருப்புக் கங்குகளை ஒரு தொட்டியில் அள்ளித் தெருவோடு இழுத்துக்கொண்டு போய், வடக்கே கட்டிய பெரிய கட்டடத்தில் புது அடுப்பைப் பற்றவைத்தார்கள். அதுதான் இன்றைய கிரைட்ஸ் மார்க்கெட். பழைய கட்டடத்தில் நீனா தொடங்கியது ஸ்மிட்டிஸ் மார்க்கெட். ஆக 1900 என்ற வருஷத்தைப் பலகையில் போட்டுக்கொள்ள கிரைட்ஸுக்கு உரிமை, பழைய சுவரைக் காட்ட ஸ்மிட்டிஸுக்கு உரிமை. பிளாக்ஸ் இந்தச் சண்டையில் இல்லை. 1932லிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது.

இப்போது சாப்பாடு. ஸ்மிட்டிஸில் சாசேஜ். கிரைட்ஸில் ஷோல்டர் கிளாட் என்கிற தோள்கறி, பன்றி சாப் (எலும்போடு வெட்டிய துண்டு), முடிந்தால் இன்னொரு சாசேஜ். பிளாக்ஸில் மாட்டு விலா. தம்பி சொன்னது அந்த அளவுக்குச் சரி. எலும்போடு நிறுப்பார்கள், ஒரே விலா ஒரு பவுண்டைத் தாண்டும். இருவருக்கு ஒன்று போதும்.

பிரிஸ்கெட்டை நான் வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை.

பிளானோ_பிரபு:

டெக்சாஸ் பார்பிக்யூவில் பிரிஸ்கெட்டை விட்டுவிட்டுச் சாசேஜுக்கு முதல் மரியாதையா? இதை ஆஸ்டினில் சொல்லிப் பாருங்கள்.

கரிப்புகை:

ஆஸ்டினில் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஆஸ்டினில் பிரிஸ்கெட் நன்றாக இருக்கிறது. அதுதான் விஷயமே.

பிரிஸ்கெட் மாட்டின் நெஞ்சுப் பகுதி. நாள் முழுக்க வேலை செய்கிற தசை, உள்ளே இணைப்புத் திசு அதிகம். அது கரைந்து கொழகொழப்பாக மாற நேரம் வேண்டும். இப்போது எல்லோரும் கொண்டாடுகிற மிருதுவான பிரிஸ்கெட் 12 மணி நேரத்துக்கு மேல் குறைந்த சூட்டில் கிடந்து, அப்புறம் தாளில் சுற்றி ஓய்வெடுத்து வருவது. 2009ல் ஆஸ்டினில் ஒரு டிரெய்லரில் ஃபிராங்க்ளின் பார்பிக்யூ தொடங்கிய பிறகுதான் இந்த முறை ஊரெல்லாம் பரவியது. கிரைட்ஸ், ஸ்மிட்டிஸ் முறை வேறு. செங்கல் அடுப்பு, ஒரு முனையில் தரையோடு எரிகிற போஸ்ட் ஓக் விறகு, நல்ல சூடு, பாதி நேரம். உப்பு, மிளகு, காரமிளகாய்த் தூள், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் தோள்கறி, சாப், சாசேஜ் எல்லாம் பிரமாதமாக வரும். பிரிஸ்கெட்டில் கொழுப்புள்ள பக்கம் நன்றாக இருக்கும். ஆனால் மெலிந்த பக்கத்தைக் கேட்டு வாங்கி, வறண்டு போயிருக்கிறது என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் கடையின் முறையைப் புரிந்துகொள்ளாதவர்கள்.

சாசேஜ் அப்படி இல்லை. இதைப் போல வேறு எங்கும் கிடைக்காது. குதிரை லாடம் மாதிரி வளைத்து நூலால் கட்டியிருப்பார்கள். மாட்டிறைச்சிதான் பெரும்பகுதி, கொஞ்சம் பன்றி; கிரைட்ஸில் 85க்கு 15 என்ற கணக்கு. கொரகொரப்பாக அரைத்தது, பிசின் போல ஒட்டாது. வெட்டினால் சாறு சட்டையில் தெறிக்கும், ஆகவே தாளுக்கு மேலேயே வைத்து வெட்டுங்கள். கடைக்காரர் வெட்டித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டி வைத்த சாசேஜ் மேசைக்கு வருவதற்குள் சாறு தாளில் போய்விடும்.

பிளானோ_பிரபு:

பிளாக்ஸ் பிரிஸ்கெட் நிதான முறைதான், அதை ஏன் மறைக்கிறீர்கள்? மூன்று கடைகளில் ஒன்றில் பிரிஸ்கெட் வாங்குவதென்றால் அங்கேதான். 'மாய்ஸ்ட்' (கொழுப்புள்ள பக்கம்) என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி உங்கள் சாசேஜ் பிரசங்கத்தைப் படித்தால் பசிக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ரவுண்ட்ராக்_கீதா:

ஆண்கள் எல்லோரும் கறிக் கணக்கு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முரளி கேட்டதில் பாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஊரிலிருந்து வரும் மாமியாரையும் மாடு சாப்பிடாத தோழிகளையும் அழைத்துப்போன அனுபவத்தில் சொல்கிறேன்.

மாடு சாப்பிடாதவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது சாசேஜில்தான். பெயரில் ஒன்றும் இருக்காது. 'ஒரிஜினல்', 'ஹலப்பீனோ சீஸ்' என்று எழுதியிருப்பார்கள், நம் ஆட்கள் சாசேஜ் என்றால் பன்றிதான் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். மேலே கரிப்புகை சொன்ன மாதிரி இந்த ஊரில் சாசேஜ் என்றால் மாடு. உங்கள் மனைவிக்கு பன்றி விலா, பன்றி சாப், வான்கோழி நெஞ்சு, கோழி. கிரைட்ஸின் பன்றி சாப் ஒரு ஆளுக்குத் தாராளம், விளிம்புக் கொழுப்பு மொறுமொறுப்பாக இருக்கும். ஆனால் ஒரே கட்டையில், ஒரே கத்தியில்தான் எல்லாம் வெட்டுவார்கள். அது மனதுக்கு ஒப்பாதவர் என்றால் வெட்டாமல் முழுசாகத் தரச் சொல்லுங்கள், கத்தியாவது படாது. அடுப்பு ஒன்றுதான், அதற்கு வழியில்லை. இதே காரணத்தால் ஹலால் பார்க்கிற நண்பர்களை இந்தக் கடைகளுக்கு அழைத்துப் போகாமல் இருப்பது நல்லது.

இனி அம்மா. பீன்ஸ் என்று பார்த்தவுடன் நிம்மதியாகிவிடாதீர்கள். டெக்சாஸ் பிண்ட்டோ பீன்ஸில் பன்றிக் கொழுப்போ கறித் துணுக்கோ போடுவது வழக்கம். பச்சை பீன்ஸிலும் பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி) இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். 'இதில் இறைச்சி இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்பார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் பேக்கன் ஒரு சுவையூட்டிதான். 'பேக்கன், கொழுப்பு, இறைச்சி வேகவைத்த நீர், எதுவுமே இல்லையா' என்று விவரமாகக் கேட்க வேண்டும். மக்ரோனி சீஸ், கோல்ஸ்லா, உருளை சாலட் பரவாயில்லை. முட்டை சாப்பிடாதவர் என்றால் மயோனைஸில் முட்டை உண்டு என்பதையும் பாருங்கள். பிளாக்ஸில் துணைப் பதார்த்தங்களுக்குத்தான் வரிசை முதலில், வகையும் அதிகம், சைவக்காரருக்கு அங்கேதான் கொஞ்சம் வயிறு நிறையும். பீச் காப்ளர் என்கிற பழ இனிப்பு இருந்தால் விடாதீர்கள்.

நான் செய்வது: வீட்டிலிருந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், லாக்ஹார்ட் ஸ்டேட் பார்க்கில் மாமியாருக்கு முதலில் சாப்பாடு. 1930களில் கட்டிய பூங்கா, மர நிழல், மேசைகள் உண்டு. அவர் வயிறு நிறைந்த பிறகு கடைக்குப் போனால் எல்லோருக்கும் சிரித்த முகம்.

இன்னொன்று. ஸ்மிட்டிஸில் பின்பக்கமாக நுழைந்தால் வரிசை நிற்கும் இடத்திலேயே, தரை மட்டத்தில், மறைப்பே இல்லாமல் விறகு எரிந்துகொண்டிருக்கும். நூறு வருஷப் புகையில் சுவர் கன்னங்கரேல். பார்க்க அற்புதம். ஆனால் சேலை முந்தானை, துப்பட்டா, இரண்டு வாண்டுகள், எல்லாவற்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாம்பலம்_முரளி:

கீதா அக்கா, புளிசாதம் யோசனைக்கே தனியாக நன்றி. அம்மாவிடம் சொன்னேன், 'அந்தப் பொண்ணுக்குத்தான் புத்தி இருக்கு' என்கிறார்.

யாழ்_ஹூஸ்டன்:

நாங்கள் ஹூஸ்டனிலிருந்து போறனாங்கள், அதால் ஒரு கேள்வி. கிரைட்ஸில் சாஸ் தரமாட்டார்கள், முள்ளுக்கரண்டியும் தரமாட்டார்கள் என்று ஒரு கதை இருக்குதே, இப்பவும் அப்படியா? பிள்ளைகளுக்கு சாஸ் இல்லாமல் இறங்காது.

கரிப்புகை:

பல காலம் அப்படித்தான் இருந்தது. நல்ல கறிக்குச் சாஸ் எதற்கு, கரண்டி உங்கள் கை நுனியில் இருக்கிறது என்று பலகையே வைத்திருந்தார்கள். பிற்பாடு கேட்பவர்களுக்குத் தர ஆரம்பித்துவிட்டார்கள். நூறு வருஷப் பிடிவாதத்தைத் தளர்த்தியதில் சிலருக்கு மனத்தாங்கல். எனக்கு இல்லை. பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே.

சாஸ் வேண்டாம் என்பவர்கள் அங்கே மேசையில் கிடைக்கும் காரச் சாறை நாலு சொட்டு சாசேஜில் விட்டுப் பாருங்கள். அப்புறம் கிரைட்ஸில் ஜெர்மன் உருளைக்கிழங்கும் சார்க்ராட்டும் உண்டு. அந்தப் புளித்த முட்டைக்கோசு கொழுப்பை அறுத்துவிடும்.

டெக்சாஸ்_தம்பி:

திண்டுக்கல்லில் எந்தக் கடை பிரியாணி என்று கேட்டால் ஊரே ரெண்டாகும், அந்த மாதிரிதான் இதுவும். நான் பிளாக்ஸ் கட்சி, மாறப்போவதில்லை. சுவர் முழுக்க மான் கொம்பும் பழைய கால்பந்து அணிப் படங்களும், ஏசி ஹால், ஒரே வரிசையில் எல்லாம் முடிந்துவிடும். மற்ற இரண்டிலும் கறிக்கு ஒரு இடம், மற்றதுக்கு ஒரு இடம் என்று இரண்டு தடவை நிற்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவருக்கு அது முக்கியமில்லையா?

கரிப்புகை:

முக்கியம்தான். அதை நான் சொல்லாமல் விட்டேன். முரளி, குழந்தைகளோடு உட்கார பிளாக்ஸ்.

மட்டுறுத்துநர்:

யார் எதைச் சாப்பிடலாம், கூடாது என்ற விவாதத்துக்கு வேறு இழைகள் இருக்கின்றன. அந்த வகைப் பின்னூட்டங்கள் மூன்று நீக்கப்பட்டன. இங்கே லாக்ஹார்ட் மட்டும்.

சான்மார்கஸ்_செல்வி:

பழைய கடைகளோடு நின்றுவிட்டீர்களே. 2023ல் சதுக்கத்தில் பார்ப்ஸ்-பி-க்யூ வந்தது, மூன்று இளம்பெண்கள் தொடங்கியது. இந்த ஊரில் அடுப்படி என்றாலே ஆண்கள் ராஜ்யமாக இருந்ததைப் பார்த்தவர்களுக்கு அதுவே செய்தி. முக்கிய ஆள் பிரவுன்ஸ்வில் பக்கம் வளர்ந்தவர், அதனால் மெக்சிகோ வாடை தூக்கலாக இருக்கும். பன்றி விலா மேல் எலுமிச்சைத் தோலைத் துருவித் தூவுகிறார்கள். பொப்ளானோ மிளகாய் அரைத்துவிட்ட பச்சை ஸ்பகெட்டி ஒன்று உண்டு. ஆட்டு சாப் கிடைக்கிற நாளும் உண்டு. மாடு வேண்டாம், ஆனால் வான்கோழி சலிப்பு என்பவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் வாரம் முழுக்கத் திறப்பதில்லை. போகும் முன் அவர்கள் இன்ஸ்டாகிராம் பாருங்கள்.

பச்சை ஸ்பகெட்டி சைவமா என்று கீதா அக்கா கேட்பார். கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மெக்சிகோ சமையலில் கோழிச்சாற்றுத் தூள் எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பிளானோ_பிரபு:

செல்வி சொன்னதை வழிமொழிகிறேன். கரிப்புகை ஐயா 1999லேயே நிற்கிறார்.

கரிப்புகை:

எலுமிச்சைத் தோல் விலாவுக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லையே! நல்ல சாப்பாடு. ஆனால் அந்தத் தரத்துப் புதுக் கடைகள் ஆஸ்டினிலும் உண்டு, டாலஸ் பக்கமும் உண்டு. முரளி லாக்ஹார்ட் வரை ஓட்டிக்கொண்டு வருவது லாக்ஹார்ட்டில் மட்டும் இருப்பதற்காக. ஸ்மிட்டிஸின் அந்தக் கரிச் சுவரையும், 85க்கு 15 சாசேஜையும் வேறு ஊருக்குத் தூக்கிப்போக முடியாது. கங்குகளைத் தூக்கிப்போனவர்களே சுவரை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கடைப் பலகைகளில் இருப்பது முதலாளிக் குடும்பங்களின் பெயர். அடுப்புக்கு முன்னால் நின்றவர்களில் மெக்சிகோ வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் நிறைய. கிரைட்ஸில் 1987லிருந்து அடுப்பைப் பார்த்த ராய் பெரேஸின் முகம்தான் பல பேருக்கு அந்தக் கடை. அந்த வகையில் பார்ப்ஸ் வந்தது எனக்கும் சந்தோஷமே.

சான்மார்கஸ்_செல்வி:

சுவரைச் சாப்பிட முடியாது, அண்ணா.

கரிப்புகை:

ஸ்மிட்டிஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சட்டை வழியாகக் கொஞ்சம் சாப்பிட்டுவிடலாம். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் மணக்கும்.

யாழ்_ஹூஸ்டன்:

நேரம் பற்றி யாராவது சொல்லுங்கோ. சனிக்கிழமை போனால் நிற்க ஏலாத வரிசையோ?

ரவுண்ட்ராக்_கீதா:

சனி, ஞாயிறு 12 முதல் 2 வரை தவிர்த்துவிடுங்கள். பதினொன்றுக்கு முன்னால் போய் நின்றால் சுகம். கறியும் அப்போதுதான் முழுசாக இருக்கும். பிற்பகலில் விலாவும் கொழுப்புப் பிரிஸ்கெட்டும் தீர்ந்துவிடும். முரளி, தேங்க்ஸ்கிவிங் வியாழன் போய்விடாதீர்கள், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும். வெள்ளிக்கிழமை கூட்டம் அலைமோதும். முடிந்தால் புதன்.

சாப்பிட்டதும் காரில் ஏறாமல் சதுக்கத்தை ஒரு சுற்று நடங்கள். 1894ல் கட்டிய கால்டுவெல் கவுண்டி நீதிமன்றம், கோபுரமும் கடிகாரமுமாக அரண்மனை மாதிரி நிற்கும். ஒரு தெரு தள்ளி டாக்டர் யூஜின் கிளார்க் நூலகம், டெக்சாஸில் இடைவிடாமல் நடந்துவரும் பொது நூலகங்களில் மிகப் பழையது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், உங்களுக்கும் செரிக்கும்.

பிளானோ_பிரபு:

வழி: ஆஸ்டினிலிருந்து 183 நெடுஞ்சாலை, தெற்கே 30 மைல். 130 சுங்கச்சாலையில் போனால் அந்தப் பக்கம் ஒரு பகுதியில் மணிக்கு 85 மைல் அனுமதி, நாட்டிலேயே அதுதான் உச்சம். மச்சான் காரை ஓட்டினால் அம்மாவைப் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னும் வயிற்றில் இடமிருந்தால் அதே 183ல் இன்னும் 15 மைல் தெற்கே லூலிங். அங்கே சிட்டி மார்க்கெட். சாசேஜ் அங்கேதான் உசத்தி என்று ஒரு கோஷ்டி உண்டு.

கரிப்புகை:

அந்தக் கோஷ்டியில் நானும் பாதி ஆள். லூலிங் சாசேஜ் கொஞ்சம் மென்மை, கடுகு கலந்த அவர்கள் சாஸும் சேர்ந்து தனி ருசி. சாஸ் விஷயத்தில் நான் வளைந்துகொடுப்பது அங்கே மட்டும்தான். கறி வாங்க ஹாலுக்குள்ளேயே கண்ணாடிக் கதவு போட்ட சின்னப் புகையறைக்குள் போக வேண்டும். ஊரில் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளுக்குப் பொம்மை வேஷம் போட்டு வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் ஒரே நாளில் லாக்ஹார்ட்டும் லூலிங்கும் என்றால் லாக்ஹார்ட்டில் இரண்டு கடைக்கு மேல் வேண்டாம்.

மாம்பலம்_முரளி:

சரி, முடிவு: புதன், பத்தரை மணி. முதலில் பூங்காவில் அம்மாவுக்குப் புளிசாதம். ஸ்மிட்டிஸில் ஆளுக்கு ஒரு சாசேஜ், தாளோடு எடுத்துக்கொண்டு பிளாக்ஸ் வாசல் வரை நடை. அங்கே ஒரு மாட்டு விலா, மனைவிக்கு வான்கோழி, பிள்ளைகளுக்கு மக்ரோனி. கிரைட்ஸிலிருந்து சாசேஜ் கட்டி வாங்கிக்கொண்டு டாலஸ். மிச்சத்தை எப்படிச் சூடாக்குவது? மைக்ரோவேவ்?

கரிப்புகை:

மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், தோல் வெடித்துச் சாறு முழுக்கத் தட்டில் ஓடிவிடும். ஓவனில் 300 டிகிரி ஃபாரன்ஹீட், அலுமினியத் தாளில் தளர்வாகச் சுற்றி, உள்ளே சூடு ஏறும்வரை. கடைசி சில நிமிடம் தாளைப் பிரித்துவிடுங்கள், தோல் இறுகும். பயணத்துக்கு ஐஸ்பெட்டி அவசியம், டாலஸ் வரை நாலு மணி நேரம் கார் டிக்கியில் வெறுமனே வைக்காதீர்கள்.

டெக்சாஸ்_தம்பி:

வட்ட வட்டமாக வெட்டி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நிறைய மிளகு போட்டுக் கடாயில் ஒரு புரட்டு. ரசம் சாதத்துக்கு.

பிளானோ_பிரபு:

தம்பி முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

கரிப்புகை:

எண்ணெய் ஊற்றாதீர்கள். அதுவே விடும்.